மடித்துக் கட்டிய வரி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் மகள் தோளில் ஒரு புதுப் பையோடு வந்து வாசலில் நின்றாள். "யாரு குடுத்தது?" என்று அம்மா கேட்டாள். "ஸ்கூல்ல" என்றாள் மகள். பையில் அச்சடித்திருந்த எழுத்து அவள் இடுப்போடு ஒட்டி மறைந்திருந்தது. அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வாரத்துக்குக் கதை இருந்திருக்காது.

ஸ்கூலில் யாரும் பை கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, ஒரு பயிற்சி நிலையத்தின் இலவச வகுப்புக்குப் போயிருந்தாள். சீருடையில் வரச் சொல்லியிருந்தார்கள்; தோழி வீட்டில் மாற்றிக்கொண்டாள். காலையில் பாடம், மதியம் மாதிரித் தேர்வு. அதில் இவள்தான் முதல். பையைக் கொடுத்தார்கள்; அதைத் தோழி வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் பள்ளி விட்டு வரும்போதுதான் எடுத்துவந்தாள். கட்டை விரலைத் தூக்கிச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு செல்போனை நீட்டி, "இதுல விரலால கையெழுத்துப் போடும்மா" என்றார்கள். போட்டாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?

இனி இந்த வாரத்துப் புதன்கிழமை.

அந்த வீட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா பேனர் கட்டுகிறவர். ஊரில் ஒரு விளம்பரம் ஏறினால் இன்னொன்று இறங்க வேண்டும். இறங்கியது வீட்டுக்கு வரும். துணி துவைக்கிற இடத்துக்கு மேலே கூரையாக ஒரு கார். கட்டிலுக்கு அடியில் ஆள் நீளத்துக்கு ஒரு கைக்கடிகாரம். மகள் படிக்கிற மேசையின் விரிப்பு, வீட்டுக் கடன் வாங்கிவிட்டுச் சிரிக்கிற ஒரு குடும்பம்.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு சட்டம். முகம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே.

"சோறு திங்கிற இடத்துல ஊர்ப்பட்ட மூஞ்சி எதுக்கு?" என்பாள்.

குளியலறைத் திரையை மட்டும் அப்பா ஏதோ அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டார். கூந்தல் தைலக்காரி ஒருத்தி ஒற்றைக் கண்ணோடு உள்ளே பார்த்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் மகள் அவளுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே குளித்தவள். இப்போது அவள் முன்னால்தான் பல் தேய்க்கிறாள்.

அன்று காலை மகள் செல்போனில் கணக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடம் தொடங்குவதற்குள் ஒரு பெண் வந்து கன்னத்தில் எதையோ தடவினாள்.

"என்னடி, கணக்குப் பாடத்துல களிம்பு பூசுறாங்க?" என்றாள் அம்மா.

"விளம்பரம்மா. இது முடிஞ்சாத்தான் கணக்கு வரும்."

அம்மா குனிந்து பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு ஷெட்டில். டப்பாவில் களிம்பு நிரப்பி, லேபிள் ஒட்டி, மூடி போடுகிற வேலை.

"இது எங்க டப்பாதான்டி. ஒரே டிரம்முல இருந்து எடுத்து ரெண்டு டப்பாவுல ஊத்துவோம். ஒண்ணுக்கு வெள்ளை மூடி, ஒண்ணுக்குத் தங்க மூடி. தங்க மூடி ரெட்டை விலை."

"உள்ள ஒண்ணுதானேம்மா? அப்புறம் ஏன் ரெட்டை விலை?"

"மூடிக்குத்தான் விலை. களிம்பு இனாம்."

அப்பா சிரித்துக்கொண்டே இடுப்பு வாரை எடுத்துத் தோளில் போட்டார். கயிற்றுச் சுருளை எடுத்தார். முழங்கால் கொஞ்ச நாளாகவே மடக்கினால் கத்துகிறது. அதற்குத் துணியைச் சுற்றினார்.

"இன்னிக்கு எங்கப்பா?"

"ரெண்டு தெரு தள்ளி. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கிற பெரிய இரும்புச் சட்டம்."

"என்ன விளம்பரம்?"

"யாருக்குத் தெரியும் பாப்பா? சுருட்டி வரும். விரிச்சுக் கட்டுவோம். எண்ணெயா, நகையா, ஓட்டு கேக்கிறவரான்னு கீழே இறங்கித்தான் பாக்கணும்."

மகள் தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் வைத்தாள். பழைய பைதான். புதுப் பை கட்டிலுக்கு அடியில், கைக்கடிகாரத்தின் மேல் படுத்திருந்தது.

---

பெரிய சட்டத்தில் நான்கு துண்டுகளாகத்தான் பேனர் ஏறும். ஒவ்வொன்றையும் மேலே இழுத்து, பக்கத்துத் துண்டோடு ஓரம் சேர்த்து, பின்னால் கயிறு கட்ட வேண்டும். அப்பாவோடு வேலை செய்கிற கூட்டாளிக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். ஆளும் அப்படித்தான். அவசரத்துக்குக் கூப்பிட வெறும் ஒட்டடை.

மேலே நிற்கிறவனுக்குப் படம் தெரியாது. மூக்கு உரசுகிற தூரத்தில் எந்த முகமும் வெறும் புள்ளிதான். சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. கன்னமா, கத்திரிக்காயா என்று சொல்ல முடியாது. ஓரம் ஓரத்தோடு சேர்ந்ததா என்பது மட்டும்தான் கணக்கு.

அப்பா எழுத்துப் படித்ததும் அந்த ஓரங்களில்தான். ஒரு துண்டில் பாதி, அடுத்த துண்டில் பாதியாக வருகிற எழுத்தைக் கோணாமல் சேர்த்துக் கட்டிக் கட்டி, இது 'ப', இது 'க' என்று பிடித்துக்கொண்டார். ஆள் உயர எழுத்தென்றால் கடகடவென்று படிப்பார். பொடி எழுத்தைக் கண்டால் எறும்பு என்பார்.

நான்காவது துண்டை இழுக்கும்போது ஒட்டடை கூப்பிட்டான்.

"அண்ணே, பிரின்ட்டுக்காரன் அளவைத் தப்பா எடுத்திருக்கான். நாலு துண்டும் ஒரு முழம் நீளம் ஜாஸ்தி."

"மேல ஏத்திக் கட்டலாமா?"

"ஏத்தினா தலை போயிரும். கீழேதான் வெறும் வெள்ளை. ஏதோ எறும்பு ஊருது."

"எறும்பு போனாப் போகட்டும். தலை போனா வேலை போயிரும்."

அப்பாவே குனிந்து, கீழ் ஓரத்தைக் கடைசி வரை ஒரே நேராக மடித்து, சட்டத்துக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார். அவர் கட்டினால் காற்றில் அசையாது. அதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

கீழே இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பேனரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார்.

"என்னங்க, உங்க பொண்ணு மாதிரியே இருக்கு?"

அப்பா திரும்பினார்.

பழக்கம் விடுமா? முதலில் சேர்ப்பைத்தான் பார்த்தார். கன்னத்தில் நேராக விழுந்திருந்தது. கட்டை விரலில் நேராக விழுந்திருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. நடக்கப் பழகிய நாளில் வாசற்படியில் விழுந்தது. இவளுக்கு அது இல்லை. யாரோ வேறு பெண் என்று அவர் நினைக்கப் போனார். அப்போது காலர் கண்ணில் பட்டது. நீல நூல் தீர்ந்துபோன ஒரு ராத்திரியில் அம்மா கறுப்பு நூலால் தைத்த காலர். முகத்தைத் திருத்தியவர்கள் அதைத் திருத்த மறந்துவிட்டார்கள்.

பக்கத்தில் ஆள் உயர எழுத்து. தடையில்லாமல் படித்தார்.

'இங்கே படித்தேன். முதலிடம் பிடித்தேன்.'

கீழே பயிற்சி நிலையத்தின் பெயர்.

ஒட்டடை டீயைக் கீழே வைத்தான். "அண்ணே, நான் பாப்பா மூக்கு மேலயா கால வச்சு நின்னேன்?"

"நான் வாயில நின்னேன்" என்றார் அப்பா.

"சொல்லவே இல்லையே அண்ணே, பாப்பா அங்க படிக்குதுன்னு!"

அப்பா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். அன்றைக்கு அப்பா முதல் மாணவியின் தகப்பனார்.

---

தெருமுனையில் ஏறிய ஒன்பது மணி பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். பிடித்துத் தொங்குகிற வளையத்தில் ஒரு பற்பசை. முன் சீட்டின் முதுகில் ஒரு கண் மருத்துவமனை. அவள் எதையும் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறதை யார் பார்ப்பார்கள்?

பஸ் திரும்பியது. அவள் தன்னையே பார்த்தாள்.

முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. தழும்பு இல்லாமல் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை கண்டதில்லை.

பள்ளியில் அவளுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. என்றைக்கும் அவளிடம் பேனா கேட்பதற்கு மட்டும் திரும்புகிற டாக்டர் மகள், அன்று எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அங்கயா படிக்கிற? பெரிய அமுக்குணிடி நீ. நல்லா சொல்லித் தர்றாங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சுற்றிலும் நான்கைந்து பேர் நின்றார்கள். சுவரில் பேனா கம்பெனி இனாமாகக் கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா. நல்லா சொல்லித் தர்றாங்க. பயமே போயிடும்" என்றாள் மகள்.

'பயமே போயிடும்.' அது அவள் பேச்சே அல்ல. பயிற்சி நிலையத்தின் விளம்பர வீடியோவில், கணக்குக்கு முன்னால், தினம் ஒரு பையன் சொல்கிற வார்த்தை. கேட்டுக் கேட்டு வாயில் உட்கார்ந்திருந்தது. தானாக வந்து விழுந்தது.

வாசலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயில் ஒரு பையன் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அத்தை மகன். இரண்டு வகுப்புக் கீழே படிக்கிறான். உருண்டை என்பது வீட்டுப் பெயர். குழாயை மூடாமலே நின்று கேட்டான்.

சாயங்காலம் கணக்கு டீச்சர் அவளைப் பார்த்தார். பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து, இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். இரண்டு வருஷமாக மகள் அந்த வகுப்பின் முன் பெஞ்சு. உருண்டையும் அங்கேதான் படிக்கிறான்.

"வாழ்த்துகள்" என்றார் டீச்சர். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் மகளுக்குத் தாங்கவில்லை. அன்று அவள் அந்த வகுப்பில் உட்காராமல் நேராக வீட்டுக்கு வந்தாள்.

---

வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா விரலில் ஒட்டிய லேபிள் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"பாப்பா, அங்க எப்பம்மா படிச்சே?" என்றார் அப்பா. அதட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, தோழி வீடு, பை, கட்டை விரல், கையெழுத்து. பள்ளியில் சொன்ன பொய் வரைக்கும் வந்து நின்றாள். அதையும் சொன்னாள்.

அம்மா விரலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"ஆக, என் பொண்ணுக்கும் தங்க மூடி போட்டுட்டாங்க."

"சாரிம்மா."

"சாரி இருக்கட்டும். படிச்சது அந்த டீச்சர்கிட்ட. பேர் இவங்களுக்கு. டிரம்மு ஒரு இடம், மூடி ஒரு இடம்."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. பின்னால் உருண்டை. அத்தை கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். முகத்தில் சந்தோஷம் வழிந்தது.

"எங்க என் மருமக? ஊரே பாக்குதுடி உன்ன! அண்ணா, இதைப் போயி மறைச்சு வச்சீங்களே? அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்களுக்கே பேனர் ஏறின பிறகுதாம்மா தெரியும்" என்றாள் அம்மா.

"சரி விடுங்க. நானும் முடிவு பண்ணிட்டேன். இவனையும் அங்கயே சேக்கப் போறேன். நாளைக்குத்தான் கடைசி நாளாம்."

"அவங்களுக்குத் தினமும் கடைசி நாள்தான்."

"அட, நீங்க சும்மா இருங்க அண்ணி. பீஸுக்குத் தையல் மெஷினை வித்துடலாம்னு பேசி வச்சிருக்கேன். இப்ப போய் சரின்னு சொன்னா, நாளைக்குக் காலையில வண்டி அனுப்புவாங்க."

அப்பா நிமிர்ந்தார். அத்தை வீட்டில் அடுப்பு எரிவது அந்த மெஷினால். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, ஊர்ச் சட்டைகளுக்கெல்லாம் பித்தான் வைத்துத்தான் உருண்டையை இந்த உருண்டையாக்கினாள்.

"மெஷினைக் கொடுத்துட்டு நீ என்ன பண்ணுவே?"

"கம்பெனியில அவங்க மெஷின்ல உக்காந்து தைப்பேன். தையல் எங்க போயிடும்? பையன் படிப்பு போனாத்தான் வராது."

மகள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்குக் கீழே வீட்டுக் கடன் குடும்பம், கவிழ்ந்த பக்கத்தில், இருட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, நான் அங்க படிக்கல."

"என்னடி?"

"ஒரே ஒரு நாள் போனேன். இலவச வகுப்பு. அதுல வச்ச சின்னப் பரீட்சையிலதான் முதல். மத்ததெல்லாம் நம்ம டீச்சர் சொல்லித் தந்தது."

அத்தை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உருண்டையைப் பார்த்தாள்.

"அக்கா சொல்லுச்சும்மா" என்றான் அவன். "நான் கேட்டேன். நல்லா சொல்லித் தர்றாங்க, பயமே போயிடும்னு சொல்லுச்சு."

"சொன்னேன். அது பொய் அத்தை."

"எதுடி பொய்? காலையில சொன்னதா, இப்ப சொல்றதா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அத்தையே தொடர்ந்தாள்.

"அவ்வளவு பெரிசா ஊர் நடுவுல போட்டிருக்கான். பொய்யாவா போடுவான்? அதுவும் எங்க அண்ணன் கையால கட்டியிருக்கு."

"எது வந்தாலும் கட்டுவேம்மா நானு" என்றார் அப்பா. "நாளைக்கு நிலாவை விக்கிறாங்கன்னு வந்தாலும் கட்டுவேன்."

அத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. அது இறங்கினால்தான் ஆபத்து.

"புரியுது அண்ணா. உங்க பொண்ணு மேல ஏறிட்டா. ஏறினதும் ஏணியை எடுத்து உள்ள வச்சுக்கிட்டீங்க. என் பையன் கீழேயே நிக்கட்டும்."

"ஏய், என்ன பேச்சு இது?"

"வாடா" என்றாள் அத்தை. பிஸ்கட் பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போனாள். கோபத்திலும் சில பேருக்கு அந்த மரியாதை போகாது.

வீட்டில் மூன்று பேரும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேலும் ஒரு குழந்தை கட்டை விரலைத் தூக்கிச் சிரித்தது.

"என் வாயால சொல்றதை நம்ப மாட்டேங்கிறாங்க. என் படம் சொல்றதை நம்புறாங்க" என்றாள் மகள்.

"படம் உன்னைவிடப் பெரிசு" என்றாள் அம்மா.

அப்பா நெற்றியைத் தேய்த்தார். எதையோ பிடிக்கப் பார்ப்பது போல விரலை நீட்டினார்.

"எறும்பு" என்றார்.

"என்னங்க?"

"கீழே ஒரு முழம் மிச்சம் இருந்துச்சு. பொடி எழுத்து ஓடுச்சு. இடம் பத்தலைன்னு மடிச்சு உள்ள கட்டிட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சுப்பா?"

"நான் எங்க படிச்சேன்?"

அவர் எழுந்து இடுப்பு வாரை எடுத்தார். முழங்கால் கத்தியது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மா கயிற்றுச் சுருளை எடுத்து நீட்டினாள்.

---

பஸ் ஸ்டாப்பில் வேலை விட்ட கூட்டம். நடுவில் அத்தை, உருண்டையின் கையைப் பிடித்தபடி, பேனருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மெஷின் வாங்குகிறவர் கடைக்குப் போகும் பஸ் அங்கேதான் வரும்.

"நான் போய்ப் பேசட்டுமாப்பா?"

"நீ பேசினது போதும். இங்கயே நில்லு. பொறுமையா நில்லு."

அப்பா ஏறினார். காலையில் ஏறியதைவிட மெதுவாக. சட்டத்துக்குப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தார். தன் முடிச்சைத் தானே அவிழ்ப்பது எளிதல்ல. ஒவ்வொரு முடிச்சாக வந்தது. மடிப்பு ஒரு ஓரத்தில் தொங்கியது, பிறகு நடுவில், பிறகு முழுதும் விரிந்து விழுந்தது.

அதே நேரத்தில் பேனர் விளக்குகள் தாமாக எரிந்தன. தினமும் இருட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எரியும். மகளின் முகம் பளீரென்று ஆனது. அதன் தாடைக்குக் கீழே, முன்பக்கம் நிற்கப் போட்ட பலகைக்கு வந்திருந்த அப்பா கரப்பான் பூச்சி அளவுக்குத் தெரிந்தார்.

"தெரியுதா பாப்பா?" என்று கத்தினார்.

மகள் பின்னால் நகர்ந்து பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள். செல்போனைத் தூக்கிப் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். விளக்கு அடித்த அடியில் எல்லாம் வெள்ளை.

"ஒரு கோடு மாதிரிதாம்ப்பா தெரியுது! படிக்க முடியல!"

எழுத்தைப் பயிற்சி நிலையம் மறைக்கவில்லை. அப்பாதான் மறைத்தார். ஆனால் மறைக்காமல் விட்டிருந்தாலும் தெருவுக்கு அது ஒரு கோடுதான். இரண்டு குற்றத்தில் எது பெரிது என்று அந்த உயரத்தில் நின்று யோசிக்க முடியாது.

மெல்ல உட்கார்ந்தார். மூக்கை அருகில் கொண்டுபோனார். பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நீளம் இருந்தது. எறும்புக்கும் கால், தலை, வயிறு உண்டுதானே.

"ஒ... ரு..." என்றார்.

மேலே வேலை செய்கிறவர்களுக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல். தெரு முழுக்கக் கேட்டது.

"ஒரு... நாள்... இ... ல... இலவ... ச..."

ஸ்டாப்பில் ஒருவர் நிமிர்ந்தார். பிறகு இன்னொருவர்.

"யாருப்பா அது, பேனர் மேல உக்காந்து பாடம் படிக்கிறது?"

"அடுத்த பரீட்சைக்குத் தயார் பண்றாரு போல."

"சத்தமாப் படிங்க சார், கடைசி பெஞ்சுக்குக் கேக்கல!"

சிரிப்பு எழுந்தது. அப்பா நிறுத்தவில்லை. வரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடியது. அவரும் பலகையில் உட்கார்ந்தபடியே, இடுப்பைத் தேய்த்துத் தேய்த்து, எழுத்தோடு நகர்ந்தார்.

"வகு... ப்பு... வகுப்பில்... நட... ந்த... மா... மாதி..."

"மாதிரி!" என்று ஒரு காய்கறிக்காரர் எடுத்துக்கொடுத்தார்.

"மாதிரித்... தே... தேர்... வு... மட்... டும்."

மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை திரும்பிவிட்டாள். அண்ணாந்து, வாய் லேசாகத் திறந்து நின்றாள்.

அண்ணனை அவள் அறிவாள். சின்ன வயதில் கடிதம் வந்தால் இவள் படிப்பாள், அவர் கேட்பார். மனசில் இருப்பதைச் சொல்வதானால் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். இப்படி எழுத்து எழுத்தாக முட்டி மோதி வருகிறது என்றால், அது அங்கே எழுதியிருக்கிறது. இட்டுக்கட்டிப் படிக்கிற அளவுக்கு அவரிடம் எழுத்து இல்லை.

"படம்... வி... ள... விளக்... கத்... துக்... காக..." என்று அப்பா மறு ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். "முடிஞ்சுது."

யாரோ கை தட்டினார்கள்.

அப்போது பஸ் வந்தது. மகளுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் நின்றது. அத்தை மறைந்துபோனாள். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கண்டக்டர் ஒருவரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டார். மகள் குனிந்து, பஸ்ஸுக்கு அடியில் தெரிந்த செருப்பு எதுவும் தெரிகிறதா என்று பார்த்தாள். கால்கள்தான் தெரிந்தன. எல்லாம் யாருடையவையோ.

பஸ் நகர்ந்தது.

அத்தை அங்கேயே நின்றாள். உருண்டை ஏறப் போயிருக்க வேண்டும். அவன் காலர் அவள் பிடியில் இருந்தது.

"அண்ணா!" என்று கத்தினாள். அண்ணனுக்குத் தங்கை குரலில் சளைத்தவள் இல்லை. "முதல்ல கீழே இறங்கு! விழுந்து தொலையாதே!"

"மெஷினு?" என்று மேலேயிருந்து கேட்டார் அப்பா.

"இறங்குன்னேன்ல!"

அப்பா இறங்க ஆரம்பித்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். ஓடும்போதுதான் தற்செயலாகப் போகிற பஸ்ஸைப் பார்த்தாள்.

பஸ்ஸின் முதுகில் அவள் இருந்தாள். அதே காலர், அதே கட்டை விரல். தழும்பு இல்லாத முகம் சிரித்தபடி விலகி, வளைவில் திரும்பி, அடுத்த ஸ்டாப்பை நோக்கிப் போனது. கீழே ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் புகைக் கரி படிந்திருந்தது.

அப்பா கடைசிப் படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நீங்களாப்பா?"

"நான் கட்டலை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற யாரோ ஒட்டியிருக்காங்க. எத்தனை பஸ்ஸுன்னு தெரியல" என்றார்.

அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பேனர் வேலை கொடுக்கிற ஒப்பந்தக்காரர். பேனர் மேல் உட்கார்ந்து பாடம் படித்த சேதி எந்த வழியாகவோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது.

தெருவைத் தாண்டி அத்தை வந்துகொண்டிருந்தாள். உருண்டை அவள் கையில் இழுபட்டு வந்தான்.

"எடுங்கப்பா" என்றாள் மகள்.

"எடுத்து என்னன்னு சொல்றது பாப்பா? மடிச்சது தப்புன்னா, பிரிச்சதும் தப்பும்பாரு."

மகள் கையை நீட்டினாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்துக்கு மேலே தழும்பு, விளக்கு வெளிச்சத்தில், இருந்த இடத்தில் இருந்தது. போனைக் கொடுத்தார்.

"ஹலோ" என்றாள். "அப்பா இல்லைங்க. பேனர்ல இருக்கிற பொண்ணு பேசுறேன்."